நனிசைவ உணவுநெறி: பெரம்பலூர், அரியலூர் நிலப்பின்புலத்தில் ஏற்பும் நிலைபேறும்

ஆய்வுச்சுருக்கம்

புலாலோடு பால், நெய், முட்டை, தேன் ஆகிய விலங்குவழிப் பொருள்கள் அனைத்தையும் விலக்கும் உணவுமுறை தமிழில் ‘நனிசைவம்’ எனப்படுகிறது. இதனை ஒருவர் ஏற்பதற்கும், ஏற்றபின் கைவிடாது தொடர்வதற்கும் உரிய காரணங்களைத் தமிழ் அறமரபு, கல்வெட்டுச் செய்தி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வேளாண்மை, ஊட்டவியல் ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை விளக்குகிறது. ஏற்புக்கு அறக்காரணம் போதும்; நிலைபேற்றுக்கு அறத்தோடு உணவறிவும் சுற்றத்தாரோடு இசைந்து வாழும் பாங்கும் தேவை என்பது கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: நனிசைவம், புலால் மறுத்தல், சாவா மூவாப் பேராடு, புன்செய்த் தானியங்கள், சீவகாருணியம்.

முன்னுரை

பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்கியோர் பண்டும் இருந்தனர். 973 முதல் 1057 வரை வாழ்ந்த சிரியநாட்டு அரபுக் கவிஞர் அல் மஅர்ரி அவர்களுள் ஒருவர். இந்நெறிக்குத் தனிப்பெயரும் அமைப்பும் தோன்றியது 1944ஆம் ஆண்டில். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர்தம் தோழர்களும் ‘வீகன்’ என்னும் சொல்லை உருவாக்கினர். அதற்கு இணையாகத் தமிழில் வழங்கும் ‘நனிசைவம்’ என்பது ‘மிகுதி’ என்னும் பொருளுடைய ‘நனி’ என்ற உரிச்சொல்லை முன்னொட்டாகப் பெற்றது.

தமிழகத்தில் ‘சைவ உணவு’ என்பது பாலையும் நெய்யையும் உள்ளடக்கியது. ஆகவே நனிசைவம் இங்கு இரண்டு வினாக்களை எதிர்கொள்கிறது. கொல்லாமல் பெறும் பாலை ஏன் விலக்க வேண்டும்? பாலை விலக்கி உடல்நலத்தோடு வாழ இயலுமா?

அறநூல் மரபில் புலாலும் பாலும்

திருக்குறள் துறவறவியலில் புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய இரண்டும் தனித்தனி அதிகாரங்களாக (26, 33) அமைந்துள்ளன. புலால் மறுத்தலின் ஆறாம் குறள் (256) உண்பாரின் பொறுப்பை எடுத்துரைக்கிறது. தின்பதற்காக உலகத்தார் கொல்லாராயின், விலைக்கு ஊன் தருவாரும் இலர் என்பது அதன் கருத்து. கொன்றவன் வேறு, வாங்கி உண்பவன் வேறு என்னும் வாதத்திற்கு இது விடையாகிறது. வாங்குவோரின் தேவையே கொலைக்குக் காரணம் என்னும் இத்தருக்கம் நனிசைவர்தம் வாதத்திற்கும் அடிப்படையாக உள்ளது.

எனினும் வள்ளுவர் பாலை விலக்கவில்லை. பண்பிலான் பெற்ற செல்வத்திற்குக் கலத்தின் தீமையால் திரிந்த நல்ல பாலை உவமையாக்குகிறார் (1000). காதலியின் வாயூறிய நீரைப் பாலும் தேனும் கலந்தாற்போன்றது என்கிறார் (1121). கள், ஊன் ஆகியவற்றோடு தேனையும் விலக்கிய சமண இல்லற நெறியும் பாலை ஏற்றது. எனவே நனிசைவத்தைத் தமிழ் அறநூல்களின் நேரடிக் கட்டளையாகக் காட்டுதல் பொருந்தாது. அந்நூல்களின் தருக்கத்தைப் பால் உற்பத்தி வரை நீட்டித்ததன் விளைவு என்பதே பொருத்தம்.

சாவாத ஆடுகளும் சாகும் கன்றுகளும்

இந்நீட்டிப்பு தேவைதானா என்பதை ஆராயச் சோழர்காலக் கல்வெட்டுத்தொடர் ஒன்று துணைசெய்கிறது. பழுவேட்டரையர்தம் பழுவூரும் முதலாம் இராசேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரமும் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளன. சோழநாட்டுக் கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையாக அளிக்கும் வழக்கம் இருந்தது. ஒரு விளக்கிற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் குறிக்கின்றன.

ஆடு மூப்பதும் சாவதும் இயற்கை. ஆனால் மூத்தவற்றுக்கும் இறந்தவற்றுக்கும் ஈடாக ஈன்ற குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாது காக்கவேண்டும் என்பதே இத்தொடரின் பொருள். கணக்கில் மந்தை சாவதில்லை. கறவை நின்ற ஆடும் பால் தராத கிடாயும் என்னவாயின என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

இன்றைய பால் உற்பத்தியும் இவ்வகைக் கணக்கையே உடையது. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். ஏரும் கவலையும் வண்டியும் இருந்த காலத்தில் அவற்றுக்கு வேலை இருந்தது; இழுவை இயந்திரமும் மின்னிறைப்பியும் வந்தபின் அது பெரிதும் மறைந்தது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மாட்டினத் தொகை ஏறத்தாழ 19 கோடியே 25 லட்சம். அதில் பெண்ணினம் 14 கோடியே 51 லட்சம். ஆணினம் ஐந்து கோடியைக் கூட எட்டவில்லை. பிறப்பில் ஏறத்தாழச் சமமாக உள்ள இரண்டும் தொகையில் ஒன்றுக்கு மூன்றாக வேறுபடுகின்றன. காளைகள் வளர்க்கப்படாது கழிக்கப்படுவதையே இவ்வேறுபாடு காட்டுகிறது. கறவை வற்றிய பசுவும் பெரும்பாலும் சந்தைக்கே செல்கிறது. ஆகவே பாலும் இறைச்சியும் ஒரே தொழிலின் இரு முனைகள் ஆகின்றன. பாலை விலக்குவதற்குரிய முதன்மையான அறக்காரணம் இதுவே.

நிலமும் தானியமும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி மானாவாரி நிலமாகும். வரகு, சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை, எள் ஆகியவை இந்நிலத்திற்கு உரியவை. பெரம்பலூரின் சின்ன வெங்காயமும் அரியலூரின் முந்திரியும் பெயர்பெற்றவை. இன்று பெரம்பலூரின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று மக்காச்சோளம். அதன் பெரும்பகுதி உள்ளூர் அடுப்புக்குச் செல்வதில்லை. நாமக்கல் முதலிய இடங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கிறது. மக்கள் நேரடியாக உண்ட தானியம் விளைந்த நிலம், முட்டைக்கும் இறைச்சிக்குமான தீவன நிலமாக மாறியுள்ளது. தானியத்தை விலங்கின்வழிச் செலுத்திப் பெறும் உணவாற்றல், அதனை நேரே உண்டு பெறுவதைவிடக் குறைவு. நனிசைவத்திற்கான சூழலியல் காரணம் இங்குக் கண்கூடாக உள்ளது.

ஆயின் இவ்வாதத்திற்கும் எல்லை உண்டு. புன்செய் உழவர் வீட்டுப் பசு சோளத்தட்டையையும் கடலைக்கொடியையும் உண்கிறது. அவை மனிதர் உண்ண இயலாதவை. அதன் சாணம் வயலுக்கு எருவாகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஊற்றும் பாலே குடும்பத்தின், சிறப்பாகப் பெண்களின், முறையான வருவாயாகிறது. இவ்வருவாய்க்கு மாற்று வழி கூறாத வாதம் இம்மக்களிடம் எடுபடாது. சிறுதானியங்களுக்கும் பயறுகளுக்கும் நல்ல விலை கிடைப்பதும், அவற்றை உள்ளூரில் பதப்படுத்தும் தொழில் வளர்வதும் அத்தகைய மாற்றுவழிகளுள் அடங்கும்.

நிலைபேறும் ஊட்டமும்

நெறியை ஏற்பது ஒரு நாளில் நிகழலாம். காப்பது உணவறிவைப் பொறுத்தது. காந்தியடிகளின் பட்டறிவு இதற்குச் சான்று. 1912இல் தென்னாப்பிரிக்காவில் அவர் பால் அருந்துவதைக் கைவிட்டார். மாடுகளின்மீது நிகழும் கொடுமையும் அதற்கு ஒரு காரணம். 1918இல் கடும் வயிற்றுக்கடுப்பால் உடல் தளர்ந்தபோது, கஸ்தூரிபா கூறியவாறு ஆட்டுப்பாலை ஏற்றார். நோன்பின் சொல்லைக் காத்துப் பொருளைத் துறந்ததாகத் தம் தன்வரலாற்றில் அவர் வருந்தினார். பாலுக்கு ஈடான உணவு எது என்னும் அறிவு அன்று முழுமையாக வளர்ந்திருக்கவில்லை.

இன்று அவ்வறிவு உள்ளது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. எள்ளில் அது ஆயிரத்தைத் தாண்டுகிறது. முருங்கைக்கீரையும் இதற்கு உதவும். நிலக்கடலை, துவரை, தட்டைப்பயறு ஆகியவற்றில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் புரதம் உள்ளது. தானியமும் பயறும் சேரும்போது ஒன்றன் அமினோ அமிலக் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. தானியங்களில் உள்ள ஃபைட்டேட்டு என்னும் பொருள் சத்துகள் உட்கவரப்படுவதைக் குறைக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியவை அதனைத் தணிக்கும். கூழைப் புளிக்கவைக்கும் வழக்கம் இவ்வகையில் பயனுடையது. நெல்லிக்காயின் உயிர்ச்சத்து ‘சி’ கீரையின் இரும்புச்சத்து உடலில் சேரத் துணைபுரியும்.

உயிர்ச்சத்து ‘பி12’ மட்டும் இதற்கு விலக்கு. நுண்ணுயிரிகள் உண்டாக்கும் இச்சத்தைத் தானியம், கீரை, பயறு எதிலிருந்தும் நம்பகமாகப் பெற இயலாது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோகிராமே தேவை. ஆயினும் குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத்தளர்ச்சியும் நேரும். குறை வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவே நனிசைவர் இதனை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ கொள்ளவேண்டும். கருவுற்றோரும் பாலூட்டும் தாயரும் குழந்தைகளும் மருத்துவர் அறிவுரையின்றி இந்நெறியைத் தொடங்குதல் கூடாது.

சுற்றமும் சொல்லும்

உணவு தனிமனிதர் விருப்பமாக மட்டும் இருப்பதில்லை. மாவிளக்கில் நெய், திருமண வீட்டில் பாயசம், தேநீர்க்கடையில் பால் என அது உறவோடு பிணைந்தது. நனிசைவத்தைக் கைவிடச் செய்வது பல வேளைகளில் சுவையன்று. விருந்தை மறுப்பதால் எழும் மனக்கசப்பே. கடுங்காப்பி, சின்ன வெங்காயத்தோடு கம்பங்கூழ், எள்ளுருண்டை, தேங்காய்ப்பால் பாயசம் என இவ்வூர்களில் முன்பே உள்ளவற்றைத் தேர்பவர்க்கு இந்நெறி எளிது. விலையுயர்ந்த அயல்பொருள்களை நம்புவோர்க்கு அது கடினமாகும்.

‘சைவம்’ என்னும் சொல் தமிழகத்தில் சமயத்தையும் சாதிப்படிநிலையையும் சுட்டி வந்துள்ளது. புலால் உண்போரைத் தாழ்த்த அச்சொல் பயன்பட்ட வரலாறும் உண்டு. பள்ளிச் சத்துணவில் தரும் முட்டை பல ஏழைக் குழந்தைகளுக்குக் கிட்டும் சிறந்த ஊட்டம். எனவே நனிசைவம் பிறரை இழிவாகக் கருதும் கருவியாகுமாயின் தன் அறத்தைத் தானே இழக்கும். அண்டை மாவட்டமான கடலூரில், வடலூரில், 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார் இதற்கு வழிகாட்டுகிறார். கொலையும் புலையும் தவிர்ந்தோரை அகவினத்தார் என்றும் மற்றோரைப் புறவினத்தார் என்றும் அவர் பகுத்தார். ஆயினும் புறவினத்தாரின் பசியையும் தவிர்த்தல் வேண்டும் என்றார்.

முடிவுரை

வாங்குவோரின் தேவையே கொலைக்குக் காரணமாகிறது என்னும் குறளின் தருக்கத்தைப் பாலுக்கும் பொருத்துவதே நனிசைவம். காளைக்கன்றின் நிலையும் தீவன நிலத்தின் பெருக்கமும் அப்பொருத்தத்திற்கு வலுச்சேர்க்கின்றன. இந்நெறி நிலைபெற மண்ணின் தானியங்களும் ‘பி12’ பற்றிய தெளிவும் பிறர் உணவைப் பழிக்காத பண்பும் இன்றியமையாதவை. கறவையை நம்பி வாழும் புன்செய்க் குடும்பங்களுக்கு மாற்று வருவாய் தேடுவதும் இவ்வறத்தின் பகுதியே. அக்குடும்பங்களைக் கணக்கில் சேர்க்காத இரக்கம், சாவா மூவாப் பேராட்டுக் கணக்கைப் போலவே முழுமைபெறாது.