பெயரில்லாத பூச்சியைக் கணினி எப்படி அறியும்?

1982-இல் டெர்ரி எர்வின் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு கணக்குப் போட்டார். பனாமா காட்டில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிமருந்துப் புகை அடித்து, கீழே விழுந்தவற்றில் வண்டுகளை மட்டும் பிரித்தார். ஏறத்தாழ 1,200 இனங்கள் தேறின. அதை வைத்து, வெப்பமண்டலத்தில் 3 கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்றார். மிகையான கணக்கு என்று பின்னால் வந்தவர்கள் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்கள் 10 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கின்றன.

அதே பனாமாவில், சான் லோரென்சோ காட்டில் அரை ஹெக்டேருக்கும் குறைவான பரப்பில் 2003, 2004-இல் திரட்டிய கணுக்காலிகளை 6,144 இனங்களாகப் பிரித்த முடிவு 2012-இல்தான் வெளிவந்தது. அதற்கே நூறு ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். பூச்சிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று ஆண்டுதோறும் கண்காணிக்க இந்த வேகம் எந்த மூலைக்கு?

ஆகவே கணினியைக் கூப்பிடுகிறார்கள். ஆசை ஒன்றும் புதிதல்ல. கோஸ்டா ரிகா குளவிகளின் இறக்கை நரம்புகளைப் பார்த்து இனம் சொல்லும் ‘டெய்சி’ என்ற மென்பொருளை 1990-களிலேயே இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். 1997-இல் அது பிரித்துக் காட்டியது ஐந்தே இனங்களை.

இன்றைய கருவி, பனாமாவின் பரோ கொலராடோ தீவு உள்பட சில இடங்களில் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்கிறது. புற ஊதா விளக்கு, வெள்ளைத் திரை, எதிரே ஒரு கேமரா, அவ்வளவுதான். பூச்சி திரையில் வந்து உட்காரும், படம் எடுக்கப்படும். மென்பொருள் ஒவ்வொரு பூச்சியையும் தனியாக வெட்டியெடுத்து, அந்துப்பூச்சியா இல்லையா என்று முதலில் பார்க்கும்; பிறகு இனத்தைத் தேடும். அடுத்தடுத்த படங்களில் இருப்பது ஒரே பூச்சிதானா என்றும் சரிபார்க்கும். இந்த வேலை இல்லாவிட்டால், விடிய விடிய நகராமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சோம்பேறி அந்துப்பூச்சி கணக்கில் நூறாகிவிடும்!

சிக்கல் இனம் சொல்லும் இடத்தில்தான். கணினி படித்துப் பழகுவது ஏற்கெனவே பெயர் குறித்த படங்களில். ஐரோப்பிய அந்துப்பூச்சிகளுக்கு ஆர்வலர்கள் எடுத்த படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. வெப்பமண்டல இனம் பலவற்றுக்கு மிஞ்சினால் அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி, இறக்கை விரித்து வைத்த மாதிரியின் படம் கிடைக்கும். உயிருள்ள பூச்சியோ திரையில் இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும். பெயரே வைக்கப்படாத இனங்களின் கதி இன்னும் மோசம்: ‘தெரியாது’ என்று சொல்லப் பழக்காத மென்பொருள், கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரை ஒட்டிவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்து, இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தால் மட்டுமே வேறுபடும் இனங்களை எந்தப் படமும் பிரித்துக் காட்டாது. அங்கே டிஎன்ஏ கைகொடுக்கிறது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளின் படத்தையும் டிஎன்ஏ குறியீட்டையும் இணைத்த ‘பயோஸ்கேன்’ தொகுப்பு இப்போது பொதுப் பயன்பாட்டில் உள்ளது.

இனம் பிடிபடாதபோது குடும்ப அளவில் எண்ணினாலும் கண்காணிப்புக்கு உதவும் என்பதே என் எண்ணம். தவறான இனப் பெயரைவிடச் சரியான குடும்பப் பெயர் மேல். ஆனால் அந்தக் குடும்பத்தைச் சரிபார்க்கவும் ஒரு வகைப்பாட்டியலாளர் வேண்டும். கேமராவுக்கு நிதி ஒதுக்கும் திட்டங்கள் அவருடைய சம்பளத்துக்கும் சேர்த்தே ஒதுக்கட்டும்.