ஏட்டில் உறங்கிய இசை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஐரோப்பிய இசையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இப்பழமொழி என் நினைவுக்கு வருகிறது. அங்கே இசை இயற்றுவோர், ஒவ்வொரு கருவியும் வாசிக்க வேண்டிய சுரங்களைத் தாளில் எழுதிவைக்கும் வழக்கமுடையவர்கள். அத்தாள்கள் ஏதேனும் ஒரு பேழைக்குள் இருநூறு ஆண்டுகள்கூடப் பழுதின்றி இருக்கக்கூடும். ஆயினும் அவற்றை எடுத்து வாசிப்போரும், வாசிப்பதைக் கேட்போரும் இல்லையென்றால், அங்கே இருப்பது காகிதமும் மையுமே. அவ்வாறு உறங்கிக் கிடந்த இத்தாலிய இசையை இசைத்தட்டு எவ்வாறு எழுப்பிற்று என்பதையும், அத்தட்டைக் கேட்கும் நாம் எதைக் கவனித்தல் வேண்டும் என்பதையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அன்டோனியோ விவால்டி என்பவரை எடுத்துக்கொள்வோம். இவர் 1678ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் பிறந்தார்; கிறிஸ்தவப் பாதிரியாராகத் திருநிலை பெற்றார். தலைமயிர் செம்மையாக இருந்தமையால் மக்கள் இவரைச் 'செம்பட்டைப் பாதிரியார்' என்று அழைத்தனர். 1703ஆம் ஆண்டு முதல் வெனிஸில் ஆதரவற்ற பெண் குழந்தைகளை வளர்த்துவந்த 'பியெத்தா' என்னும் இல்லத்தில் வயலின் ஆசிரியராகப் பணிபுரிந்தார். அப்பெண்களின் வாசிப்பைக் கேட்க ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் பயணிகள் வந்தனர். அவர்களுக்காகவே விவால்டி நூற்றுக்கணக்கான 'கன்செர்ட்டோ'க்களை எழுதினார். கன்செர்ட்டோ என்பது ஒரு தனிக் கருவி முன்னின்று பேச, வாத்தியக் குழு அதற்கு மறுமொழி கூறுவதுபோல அமைந்த இசைவடிவம்.

1711ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான இவருடைய கன்செர்ட்டோத் தொகுதியொன்று ஐரோப்பா முழுவதும் பரவியது. ஜெர்மனியில் பெரும்புகழ் பெற்ற பாக் அவற்றுட் சிலவற்றை வேறு கருவிகளுக்கு ஏற்றவாறு மாற்றி எழுதினார். 1725ஆம் ஆண்டில் 'நான்கு பருவங்கள்' என்னும் நான்கு கன்செர்ட்டோக்கள் வெளிவந்தன. இளவேனிலில் பறவைகள் பாடுவதும், கோடையில் புயல் எழுவதும், இலையுதிர் பருவத்தில் உழவர் களிப்பதும், குளிரில் பற்கள் நடுங்குவதும் அவற்றில் வயலின் ஒலியாகவே கேட்கும்.

இத்துணைப் புகழ் பெற்றவர் எவ்வாறு மறக்கப்பட்டார்? இசைச் சுவை மாறியது ஒரு காரணம். மற்றொரு காரணம் அவருடைய வாணிக முறையே. இசையை அச்சிடுவதைவிடக் கைப்படிகளாக விற்பதே ஊதியம் மிகுந்தது என்று 1733ஆம் ஆண்டில் தம்மைச் சந்தித்த ஆங்கிலேயர் ஒருவரிடம் அவர் கூறியிருக்கிறார். அக்கணக்கு அன்றைக்குச் சரியானதே. ஆனால் அச்சேறிய நூல் பல ஊர்களில் தங்கும்; கைப்படியோ வைத்திருப்பவருடைய பெட்டிக்குள் மறையும். 1741ஆம் ஆண்டில் விவால்டி வியன்னா நகரில் வறுமையில் இறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாக்கின் புகழ் புத்துயிர் பெற்றபோது, அவர் மாற்றி எழுதிய இசைக்கு மூலம் எது என்று தேடிய ஆய்வாளர் சிலரே விவால்டியின் பெயரை நினைத்தனர். பொதுமக்கள் அவர் இசையைக் கேட்கும் வாய்ப்பு மிக அரிதாகவே இருந்தது.

இந்நிலை 1926ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. வட இத்தாலியில் பியெட்மான்ட் பகுதியில் சலேசியத் துறவியர் நடத்திய கல்லூரி ஒன்று, கட்டடப் பழுது பார்க்கப் பணம் வேண்டித் தன்னிடமிருந்த பழைய இசைச் சுவடிகளை விற்க எண்ணியது. அவற்றின் விலையை மதிப்பிட்டுத் தருமாறு டூரின் நகரத் தேசிய நூலகத்தைக் கேட்டது. நூலகத் தலைவர் அப்பொறுப்பை ஆல்பெர்டோ ஜென்டிலி என்னும் இசை வரலாற்றுப் பேராசிரியரிடம் ஒப்படைத்தார். ஜென்டிலி சுவடிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றுள் பதினான்கு தொகுதிகள் விவால்டியின் படைப்புகளாக இருக்கக் கண்டார். அவற்றுட் பெரும்பாலானவை விவால்டி தம் கையாலேயே எழுதியவை.

நூலகத்திடமோ அவற்றை வாங்கப் பணமில்லை. ஏலத்தில் விற்றால் தொகுதிகள் சிதறிப் போகும். அவ்வேளையில் ரோபர்ட்டோ ஃபோவா என்னும் டூரின் நகரச் செல்வர் முன்வந்தார். அவருடைய இளங்குழந்தை மவுரோ இறந்துபோயிருந்தான். அக்குழந்தையின் பெயர் நிலைக்கும்படி, 1927ஆம் ஆண்டில் அவர் சுவடிகளை வாங்கி நூலகத்துக்கு அளித்தார்.

ஜென்டிலியின் பணி அத்துடன் முடியவில்லை. தொகுதிகளின் வரிசையில் விடுபாடு இருப்பதைக் கண்ட அவர், இது பாகப் பிரிவினையில் பிரிந்துபோன ஒரு பெருந்தொகுப்பின் பாதியே என்று உய்த்துணர்ந்தார். தொகுப்பு பதினெட்டாம் நூற்றாண்டில் துராட்சோ என்னும் ஜெனோவாப் பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. அக்குடும்பத்தின் வழிவந்தோர் யார் யார் என்று தேடி, மறுபாதியை ஜெனோவா நகரிலேயே கண்டுபிடித்தனர். அதை விற்க உரிமையாளரை இணங்கச் செய்வதற்கு நீண்ட பேச்சு வேண்டியிருந்தது. இம்முறை பிலிப்போ ஜொர்டானோ என்னும் துணி ஆலை அதிபர் பணம் தந்தார். அவரும் ரென்சோ என்னும் சிறுவனை இழந்த தந்தை. 1930ஆம் ஆண்டில் இரு பாதிகளும் ஒரே நூலகத்தில் சேர்ந்தன. இன்றும் அவை மவுரோ ஃபோவா தொகுப்பு என்றும், ரென்சோ ஜொர்டானோ தொகுப்பு என்றும் வழங்குகின்றன. ஏறக்குறைய 450 படைப்புகள் அவற்றுள் இருக்கின்றன. தங்கள் மைந்தரை இழந்த இரு தந்தையர், மறைந்துபோகவிருந்த ஓர் இசைச் செல்வத்தை உலகத்துக்கு மீட்டுத் தந்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் உருகுகிறது.

சுவடி நூலகத்தை அடைந்தது. இசை செவியை அடைந்ததா? உடனே அடையவில்லை. 1938ஆம் ஆண்டில் இத்தாலியில் யூதர்க்கு எதிரான சட்டங்கள் வந்தன; யூதராகிய ஜென்டிலி தம் ஆசிரியப் பணியை இழந்தார். 1939ஆம் ஆண்டு செப்டம்பரில், சியேனா நகரில் ஆல்பிரெடோ கசெல்லா என்னும் இசையறிஞர் விவால்டிக்கென ஓர் இசைவாரம் நடத்தினார். இன்று உலகெங்கும் பாடப்பெறும் 'குளோரியா' என்னும் துதிப்பாடல் அப்போதுதான் நம் காலத்தவர் செவிக்கு எட்டியது. ஆனால் அம்மாதத் தொடக்கத்திலேயே உலகப் போர் மூண்டுவிட்டது. மூட்டிய விளக்கு காற்றில் அகப்பட்டது போலாயிற்று.

போருக்குப்பின் அவ்விளக்கைச் சுடர்விடச் செய்தவை இரண்டு. ஒன்று அச்சு. 1947ஆம் ஆண்டில் விவால்டிக்கென இத்தாலியில் ஒரு கழகம் நிறுவப்பட்டு, மாலிபியெரோ என்னும் இசையறிஞரின் மேற்பார்வையில் கருவியிசை முழுவதையும் பதிப்பிக்கும் பணி தொடங்கியது. மற்றொன்று இசைத்தட்டு. இசைத்தட்டின் அமைப்பைச் சிறிது விளக்கினால்தான் அதன் பங்கு புலப்படும்.

பழைய கிராமபோன் தட்டு அரக்குக் கலவையால் ஆனது. அது நிமிடத்துக்கு 78 முறை சுழலும்; பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு அல்லது ஐந்து நிமிட இசையே அடங்கும். 'நான்கு பருவங்கள்' ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீளும். எனவே அதற்கு ஐந்தாறு தட்டுகள் வேண்டும், கேட்பவர் பத்துமுறை எழுந்து தட்டை மாற்ற வேண்டும், விலையும் மிகுதி. அத்தகைய தட்டை முன்பின் அறியாத ஒருவர் பெயரில் வெளியிட எந்த வணிகரும் தயங்குவர் அன்றோ? எனினும் துணிந்தவர் சிலர் இருந்தனர். ரோம் நகரில் பெர்னார்டினோ மொலினாரி 1942ஆம் ஆண்டில் இதனைப் பதிவு செய்தார்.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. இது வினைல் என்னும் பொருளால் ஆனது, பள்ளங்கள் நுண்ணியவை, நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகாலைச் சற்று மிஞ்சிய சுழற்சியே. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கியது. நான்கு பருவங்களும் ஒரே தட்டின் இரு பக்கங்களில் இடம்பெற்றன. அதே காலத்தில் காந்த நாடாவில் பதிவு செய்யும் முறை பரவியது. பிழைபட்ட இடத்தை வெட்டி நீக்கி, நல்ல வாசிப்பை ஒட்டிக்கொள்ள அது இடம் தந்தது. இவற்றால் செலவு குறைந்து, சிறு நிறுவனங்களும் தட்டு வெளியிடலாயின. பீத்தோவனின் பேரிசைக்குப் பெரிய வாத்தியக் குழு வேண்டும்; விவால்டிக்கோ பத்துப் பன்னிரண்டு வயலின் இனக் கருவிகளும் ஒரு ஹார்ப்சிகார்டும் போதும். புகழ்பெற்ற படைப்புகளைப் பெரிய நிறுவனங்கள் முன்னரே பதிவு செய்திருந்தமையால், சிறு நிறுவனங்கள் எவரும் தொடாத இசையை நாடின. அறியப்படாத இத்தாலிய இசை வெளிச்சம் பெற்றதில் கலையார்வத்துக்கு இருந்த பங்கைப் போலவே இந்தப் பொருளாதாரக் காரணத்துக்கும் பங்குண்டு.

அமெரிக்க வயலின் கலைஞர் லூயிஸ் காஃப்மன், 1947ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நான்கு பருவங்களைப் பதிவு செய்தார். இசைவாணர் சங்கம் புத்தாண்டு முதல் ஒலிப்பதிவை நிறுத்திவைக்க முடிவு செய்திருந்தமையால், விரைந்து முடிக்க வேண்டியதாயிற்று. அத்தட்டு 1950ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் இசைத்தட்டுப் பரிசைப் பெற்றது. 1951ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் மியூன்சிங்கரும், 1955ஆம் ஆண்டில் 'இ மூசிச்சி' என்னும் இத்தாலியக் குழுவினரும் அதே படைப்பைப் பதிவு செய்தனர். மறந்துபோன ஓர் ஆசிரியரின் இசை, பின்னர் வந்த ஒரு தலைமுறைக்குள் இல்லங்களில் ஒலிக்கும் இசையாயிற்று.

இசைத்தட்டு இருளகற்றியது உண்மையே. ஆனால் தட்டின் மேலட்டையில் கண்டதெல்லாம் மெய்யன்று என்பதையும் நீங்கள் அறிதல் வேண்டும். வெனிஸில் விவால்டியின் காலத்தில் வாழ்ந்த ஆல்பினோனியின் பெயரால் மிகப் புகழ்பெற்ற 'அடாஜியோ' ஒன்று உண்டு. சோகம் ததும்பும் அவ்விசை 1958ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. அதை வெளியிட்ட ரெமோ ஜட்சோட்டோ, டிரெஸ்டன் நூலகத்தில் கிடைத்த ஆல்பினோனியின் துண்டுச் சுவடியை விரித்து எழுதியதாகக் கூறினார். அப்படியொரு சுவடி அந்நூலகத்தில் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அது ஜட்சோட்டோவின் சொந்தப் படைப்பென்றே அறிஞர்கள் இன்று கருதுகின்றனர். அதனால் அதன் இனிமை குறைந்துவிடவில்லை. ஆனால் அதைக் கேட்டு ஆல்பினோனியை அறிந்துவிட்டதாக எண்ணுபவர், அவர் உண்மையாகவே எழுதிய இனிய ஓபோ கன்செர்ட்டோக்களைக் கேளாமலே போய்விடுவர்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1740ஆம் ஆண்டில் ஹேக் நகரில், ஆசிரியர் பெயரின்றி ஆறு கன்செர்ட்டோக்கள் அச்சாயின. பிற்காலத்தார் அவற்றை 26 வயதில் இறந்த இத்தாலியரான பெர்கொலேசியின் படைப்புகள் என்று நம்பினர். தட்டுகளும் அப்பெயரிலேயே வந்தன. ஆல்பர்ட் டன்னிங் என்னும் அறிஞர் நெதர்லாந்தில் ஒரு மாளிகையில் மூலச் சுவடியைக் கண்டறிந்து, 1980ஆம் ஆண்டளவில் உண்மையை வெளியிட்டார். அவற்றை எழுதியவர் வான் வாசெனார் என்னும் டச்சுப் பிரபு. தம் பெயரை அச்சில் காண அவர் விரும்பவில்லை. புகழை நாடாத ஒருவருக்கு உரிய பெருமை, ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்துக் கிட்டியது.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. ஒலிப்பதிவு என்பது வாசிப்பவர் ஒருவர் கண்ட பொருளே. 1950களின் தட்டுகளில் நான்கு பருவங்கள் கனத்த, இழைந்த ஒலியுடன் கேட்கும். 1970களில் ஆர்னோன்கூர் முதலியோர் குடல் நரம்பு பூட்டிய பழங்கால வயலின்களில், வேகமும் கூர்மையும் மிகுந்த முறையில் வாசித்தனர். ஏடு ஒன்றே, இசை வேறாக ஒலித்தது. ஆகவே ஒரே படைப்பின் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது இசையறிவுக்கு நல்ல பயிற்சி.

2000ஆம் ஆண்டில் டூரின் சுவடிகளை முழுமையாகப் பதிவு செய்யும் பெருந்தொடர் ஒன்று தொடங்கப்பெற்றது. நாட்டிய நாடகம் போன்று மேடையேறும் விவால்டியின் ஆபராக்கள் பல அதனால் வெளிவந்தன. தேடலும் ஓயவில்லை. போருக்குப்பின் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெர்லின் சுவடிக் காப்பகம் ஒன்று கீவ் நகரில் கண்டறியப்பட்டுத் தாயகம் திரும்பியது. அதனுள் 2002ஆம் ஆண்டில் விவால்டியின் 'மோத்தெசூமா' என்னும் ஆபரா, சில பகுதிகள் குறைந்த நிலையில் கிடைத்தது.

ஒரு படைப்பு வாழ்வதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை இதுவரை பார்த்தோம். பாதுகாத்தவர், வாங்கிக் கொடுத்தவர், பதிப்பித்தவர், வாசித்தவர், பதிவு செய்தவர் என நீளும் அவ்வரிசையின் கடைசியில் நிற்பவர் கேட்பவர். அவர் கேளாதொழிந்தால் முன்னோர் உழைப்பனைத்தும் மீண்டும் பேழைக்குள்ளேயே போய்விடும். எனவே அறிந்த பெயர்களோடு நின்றுவிடாமல், ஜெமினியானி, லொக்காட்டெல்லி, பொக்கெரினி போன்ற பெயர்களைக் காணும்போதும் சற்று நின்று கேளுங்கள். கேட்டபின் அதை எழுதியவர் யார், வாசிப்பவர் யார், எந்த ஆண்டில் பதிவானது என்று மேலட்டையைப் படித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முதல்முறை கேட்கும்போது பிடிபடாவிட்டால் வருந்த வேண்டுவதில்லை. மீண்டும் ஒருமுறை ஒலிக்கச் செய்யலாம் என்பதே இசைத்தட்டு நமக்கு அளித்துள்ள வாய்ப்பாகும்.