2184 முதல் 2200 வரை

எஸ். எஸ். பிள்ளைன்னு ஒரு கணிதவியலாளர் இருந்தார். ராமானுஜனைத் தெரிந்த நம்மில் பலருக்கு இவரைத் தெரியாது. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-ல் குற்றாலம் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். வாரிங் கணக்கில் அவர் செய்த வேலையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1940-ல் அவர் வெளியிட்ட இன்னொன்று. பள்ளியில் படித்த காரணி, மடங்கு தெரிந்தாலே அதன் முக்கியமான பகுதியை நாமே சரிபார்க்கலாம்.

அடுத்தடுத்த சில எண்களை எடுத்துக்குங்க. 8, 9, 10 என்று வச்சுக்குவோம். 8-க்கும் 10-க்கும் 2 பொதுக் காரணி. 9 மட்டும் யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அதாவது மற்ற எல்லாவற்றோடும் அது சார்பகா எண். பிள்ளை சொன்னது இதுதான்: 16 எண்கள் வரை எங்கே தொடங்கி எடுத்தாலும் இப்படித் தனியாக நிற்கும் எண் ஒன்றாவது இருந்தே தீரும். 17 எண்கள் என்றால் அந்த உத்தரவாதம் போய்விடும்.

உடையும் முதல் இடம் 2184 முதல் 2200 வரை. சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி லோக்கலில் உட்கார இடம் கிடைத்தால், மீஞ்சூர் வருவதற்குள் பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். இரட்டை எண்களை விட்டுடுங்க, அவற்றுக்கு 2 இருக்கு. 2187, 2193, 2199 மூன்றும் 3-ன் மடங்குகள். 2185, 2195 இரண்டும் 5-ன் மடங்குகள். 2191 என்பது 7 × 313, அதுக்குத் துணை 2184. மீதி இருப்பது இரண்டே பேர். 2189 = 11 × 199, கடைசியில் நிற்கும் 2200 அதுக்குத் துணை. 2197 = 13 × 13 × 13, முதலில் நிற்கும் 2184 அதுக்குத் துணை. ரெண்டு முனைகளும் ஆளுக்கு ஒருத்தரைத் தாங்கிப் பிடிக்குது! 2200-ஐ எடுத்துவிட்டால் 2189 தனியாள். 2184-ஐ எடுத்தால் 2197 தனியாள்.

இரண்டு எண்களின் பொதுக் காரணி அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். 17 எண்களுக்குள் வித்தியாசம் 16-ஐத் தாண்டாது. அதனால் 2, 3, 5, 7, 11, 13 என்ற ஆறு பகா எண்களைப் பார்த்தால் போதும். இவற்றின் பெருக்கற்பலன் 30030. ஒவ்வொரு 30030-க்கும் ஒருமுறை இதே அமைப்பு திரும்ப வரும். 32214 முதல் 32230 வரையும் இதே கதைதான். முடிவில்லாத எண்களைப் பற்றிய கேள்வி, 30030 தொடக்கங்களைச் சோதிக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. இன்று பைத்தானில் பத்து வரி எழுதினால் முடிந்தது. கணினி இல்லாத காலத்தில் பிள்ளை அதைத் தர்க்கத்தால் முடித்தார்.

தனியாக நிற்கும் எண்ணால் என்ன லாபம்? அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் முழு வர்க்கமோ, கனமோ, வேறு முழு அடுக்கோ கிடைக்குமா என்பது பழைய கேள்வி. பெருக்கற்பலன் ஒரு கனம் என்று வச்சுக்குவோம். தனி எண்ணின் பகாக் காரணிகள் மற்ற எண்கள் எதிலும் கிடையாது. அப்படியானால் அந்த எண்ணே ஒரு கனமாக இருந்தாக வேண்டும். இந்தப் பிடியை வைத்து, 16 எண்கள் வரை எந்த முழு அடுக்கும் வராது என்று பிள்ளை நிறுவினார். 17-லிருந்து 430 வரை எந்த நீளத்திலும் தனி எண் இல்லாத தொடர்கள் உண்டு என்றும் காட்டினார். 17-க்கு மேல் எல்லா நீளத்துக்கும் அது பொருந்தும் என்று 1941-ல் ஆல்ஃபிரட் பிரவுவர் நிறுவினார்.

1950-ல் பிரின்ஸ்டன் ஆய்வு நிறுவனம் பிள்ளையை ஒரு வருடத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் போக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 31 அன்று எகிப்தில் விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 49. முழு அடுக்குக் கேள்வியை எல்லா நீளத்துக்கும் எர்டோஷும் செல்ஃபிரிட்ஜும் 1975-ல் முடித்தார்கள். விடை: எப்போதும் வராது.