வயர்மேனும் ஐந்து வெள்ளி போராங்கும்

ரப்பர்த் தோட்டங்களும் ஈயக் குட்டைகளும் இருந்த நிலத்தில் கடைவீடுகள் எழும்பி, 1999-ஆம் ஆண்டில் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையும் திறக்கப்பட்ட பின்னர், சொந்த வாகனமின்றிக் காலந்தள்ளுவது அரிதாகிவிட்ட பூச்சோங்கில், பழைய புரோட்டோன் வீராவையும் பெரோடுவா கன்சிலையும் விசுவாசத்துடன் ஓட்டிவரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 1996-ஆம் ஆண்டு வீரா ஒன்றை வைத்திருக்கும் நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே.

சனி, ஞாயிறு இரண்டு நாள் வீட்டில் நின்றால் திங்கட்கிழமை காலையில் உயிரற்றுக் கிடப்பது அந்த வண்டியின் வழக்கமாயிற்று. அருகிலிருந்த ஒரு பட்டறையில், மானி எதையும் வைத்துப் பாராமலே, பேட்டரியைக் குற்றஞ்சாட்டி 220 வெள்ளிக்குப் புதியது பொருத்தினார்கள்; இரண்டு வாரம் கழித்து, பழியை டைனமோவின் மேல் போட்டு 380 வெள்ளி வாங்கினார்கள்; மறுவாரத் திங்களன்றும் வண்டி மௌனமே சாதித்தது.

பிறகு நான் தேடிப்போன, வண்டி மின்சாரம் பார்க்கும் முதிய வயர்மேன், ஓடும் என்ஜினில் பேட்டரி முனைகளை அளந்து, 14.1 வோல்ட்டைக் கண்டதும், மின்சாரம் ஏறுவதில் தோஷமில்லை என்று அந்த விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டார். ஓய்ந்து நிற்கும் நல்ல பேட்டரியில் 12.6 வோல்ட்டும், ஓடும் வண்டியில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரையும் இருப்பதே முறை. அடுத்து, என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து, கதவு ஸ்விட்சை அழுத்திவைத்து மூடியதாக வண்டியை நம்பவைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஆம்பியர் மானியைக் கோத்தார். “கதவைத் திறந்து வெச்சிட்டு அளந்தா, தம்பி, கதவு லைட்டைத்தான் அளப்பீங்க” என்றார். மானி கோத்திருக்கையில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால் மானியே எரிந்துபோகும் என்பதையும் எச்சரித்தார்.

கடிகாரத்துக்கும் ரேடியோவின் ஞாபகத்துக்குமாக 0.05 ஆம்பியருக்கு மேற்படலாகாத அந்த இடத்தில், மானி 0.44 காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக அவர் பிடுங்கிவர, ஒன்றை எடுத்ததும் எண் சடாரென்று 0.02-க்கு இறங்கிற்று. அதைத் திரும்பச் செருகிவிட்டு, அந்த ஃபியூஸின் வழியில் இருந்த பின்பெட்டியின் மூடியை விரற்கடை அளவு தூக்கி எட்டிப் பார்த்தோம். உள்ளே சின்னஞ்சிறு 5 வாட் விளக்கு, ஸ்விட்ச் தேய்ந்துபோன காரணத்தால், இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியை நான்கே நாளில் அறவே வற்றடிக்கவும், இரண்டே நாளில் ஸ்டார்ட்டரைத் தள்ளாடவைக்கவும் அதுவே போதுமானது. கூலி 40 வெள்ளி.

அவர் கண்டித்த இன்னொரு வழக்கம் இங்கே சொல்லத்தக்கது. அடிக்கடி எரியும் 10 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதிலாக 20-ஐச் செருகிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள், ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயரே உருகித் தீப்பற்றும்படி ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். எலி கடித்த வயர், மழைநீர் புகுந்து பச்சை பூத்த இணைப்பு ஆகியவற்றைத் தேடாமல் ஃபியூஸைப் பெரிதாக்குவது வைத்தியம் ஆகாது.

சரி, வீணாய்ப் போன 600 வெள்ளி? 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 53-ஆம் பிரிவில், எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தை, பட்டறைக்காரர் வாய்திறந்து கூறாவிடினும், நமக்கு அளிக்கிறது. விலை முன்கூட்டிப் பேசப்படாதிருந்தால் நியாயமான தொகைக்கு மேல் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்களல்லர் என்பது 56-ஆம் பிரிவு. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. மனுக் கட்டணம் ஐந்தே வெள்ளி. சாதாரணமாக வக்கீலுக்கு அங்கே இடமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த மூன்றாண்டுக்குள், மனுப் படிவமான போராங்கைச் சமர்ப்பிக்க வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதவர் குற்றவாளியாகிறார். வியாபாரத்துக்கு ஓட்டும் லோரிக்காரருக்கு இந்த வாசல் திறவாது; சொந்த உபயோகத்திற்கான வண்டிக்கே இது.

ஆனால் தீர்ப்பாயத்தின் முன் நம் கோபம் சாட்சியாகாது. பழுது இன்னதென்று எழுதிய மதிப்பீடு, தேதியிட்ட ரசீது, கழற்றிய பழைய பாகம், மானி காட்டிய எண்கள் ஆகியனவே சாட்சி. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுதிக் கேளுங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவது நம்மவருக்குள் ஒரு பழைய வியாதி. அன்று எனக்கும் அது இருந்தது.

வயர்மேன் தம் ரசீதின் பின்புறத்தில் 14.1, 0.44, 0.02 என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். நிரப்பிய போராங்கையும் அந்தத் தாளையும் பட்டறை முதலாளியிடம் காட்டியபோது, சற்று நேரம் தாளையே உற்றுப் பார்த்திருந்துவிட்டு, டைனமோவின் 380 வெள்ளியைத் திருப்பித் தந்தார். பேட்டரிக்குத் தர மறுத்தார். பழையது மூன்று வருஷம் உழைத்திருந்தமையால் நானும் வற்புறுத்தவில்லை.