உங்களுக்குத் தெரியுமா? பின்சக்கரம் ஆடினால் குற்றவாளி யார்?

மாருதி 800 காரை இழுப்பவை முன்சக்கரங்கள். பின்சக்கரங்கள் உருள மட்டுமே செய்கின்றன. 1983இல் வந்து 2014இல் தயாரிப்பு நின்ற இந்தக் கார்கள் பெங்களூரின் வேகத்தடைகளில் இன்றும் ஏறி இறங்குகின்றன. அந்த அடியைப் பின்புறத்தில் வாங்குபவை பிரேக் டிரம்முக்குள் இருக்கும் பால் பேரிங்குகள். கிரீஸ் வற்றினாலோ மழைநீர் புகுந்தாலோ அவை தேயும். வேகத்தோடு கூடும் ரீங்காரம் முதல் அறிகுறி. சாலையின் தளம் மாறும்போது ஒலியும் மாறினால் டயரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனையில் பலரும் செய்யும் பிழை, ஹேண்ட்பிரேக்கைப் போட்டே வைத்திருப்பது. பிரேக் ஷூக்கள் டிரம்மை இறுகப் பிடித்திருந்தால் ஆட்டம் மறைந்துவிடும். சமதளத்தில் காரைக் கியரில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகே ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புவது உயிருக்கே ஆபத்து.

வீல் நட்டுகள் இறுக்கமாக இருப்பதை உறுதிசெய்து, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைத்தால், தேய்ந்த பேரிங் ‘டக் டக்’ என்று தட்டும். அப்போது இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பழுது பேரிங்கில். நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் புஷ்களில். சக்கரத்தைச் சுழற்றிக் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டால், பேரிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

நடு நட்டை இறுக்கி ஆட்டத்தைப் போக்குவது டேப்பர் ரோலர் பேரிங்குக்குப் பொருந்தும். தேய்ந்த பால் பேரிங்கை மாற்றத்தான் வேண்டும்.