கேர்னலின் மடியில் என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 15. இலங்கையின் மடு மாதா திருத்தலத்தில் ஆவணித் திருவிழா. காட்டு மரங்களின் கீழே கூடாரம், கூடாரத்துக்குள் பாய், பாய்க்குப் பக்கத்தில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஃபோன். அன்னையின் திருச்சொரூபம் பவனி வரும்போது கைகள் எல்லாம் சேர்ந்து உயர்கின்றன; கைக்கொரு திரை! சிவப்பு ஃபோன், நீல ஃபோன், கண்ணாடி வெடித்த ஃபோன். அதில் அன்ட்ரொயிட் ஓடுகிறதென்றால் அடியில் இருந்து வேலை பார்ப்பவர் ஒரே ஆள்தான்: லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னல்.

1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருப்பதாக அறிவித்தார். அந்த நாட்களில் மடு வளாகம் போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் புகலிடம், ஐ.நா. அகதிகள் ஆணையம் 1990இல் அங்கே நிவாரண நிலையம் திறந்திருந்தது. அந்த மாணவரின் பொழுதுபோக்கு இன்று மடுப் பக்தர்களின் சட்டைப் பையில் இருக்கிறது. வாருங்கள், திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி உள்ளே எட்டிப் பார்ப்போம்!

ஒரு லினக்ஸ் லப்டொப், ஒரு கறுப்பு டேர்மினல் ஜன்னல். வேறெதுவும் தேவையில்லை. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்; நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதல் கேள்வி: “யார் நீ?” தட்டவேண்டியது ‘யூநேம் -ஆர்’. ஒரு பதிப்பெண் வந்து விழும்: 5.15, 6.1, 6.8 என்று ஏதோ ஒன்று. சப்பென்று இருக்கிறதா? பொறுங்கள், அந்த எண்ணுக்குள்தான் பாதி ஜாதகம் இருக்கிறது.

இப்போது திருவிழாவுக்கு வீடியோ எடுக்க வந்த ஒரு தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கமராவில் 64 ஜிபி கார்ட். 32 ஜிபிக்கு மேற்பட்ட இந்த வகைக் கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில்தான் வருகின்றன. “அண்ணை, இந்தக் கார்ட் உங்கடை லப்டொப்பிலை திறக்குமோ?” என்று கேட்கிறார். ஊகிக்க வேண்டாம், கேர்னலிடமே கேட்கலாம்: ‘கேட் /ப்ரொக்/ஃபைல்சிஸ்டம்ஸ்’. கேர்னலுக்கு அந்த நொடியில் தெரிந்த கோப்பு முறைகளின் பட்டியல் கடகடவென்று ஓடும்.

இங்கேதான் முதல் மாயாஜாலம்! அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள்: பூச்சியம். வட்டில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. ‘ப்ரொக்’ என்ற அந்த முழு அடைவும் நீங்கள் கேட்கிற கணத்தில் கேர்னல் நினைவகத்திலிருந்து எழுதிக்காட்டுவது. பட்டியலில் சில பெயர்களுக்கு முன்னால் ‘நோடெவ்’ என்றிருக்கும். அவற்றுக்கு வட்டோ கார்டோ தேவையில்லை. ‘ப்ரொக்’கும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

சரி, பட்டியலில் எக்ஸ்ஃபேட் இல்லை. தம்பியின் முகம் வாடுகிறது. வாடத் தேவையில்லை! அந்தப் பட்டியலில் இப்போது மேடையேறியிருப்பவர்கள் மட்டும்தான். ஒப்பனை அறையில் காத்திருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். ‘சூடோ மொட்ப்ரோப் எக்ஸ்ஃபேட்’ என்று தட்டிவிட்டுப் பட்டியலை மறுபடி பாருங்கள். அதோ, கடைசி வரியில் எக்ஸ்ஃபேட்! உண்மையில் கார்டைச் செருகித் திறந்தாலே கேர்னல் தானாக எக்ஸ்ஃபேட் மொடியூலை, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் அந்தத் துண்டை, அழைத்துக்கொள்ளும். நாம் வேடிக்கை பார்ப்பதற்காகக் கையால் அழைத்தோம்.

‘யூநேம்’ சொன்ன எண்ணுக்கும் இப்போது உயிர் வருகிறது. மைக்ரோசொஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டது 2019இல். அதே ஆண்டு 5.4 கேர்னலில் அது பரிசோதனை நிலையில் நுழைந்தது. சாம்சுங் எழுதிய செம்மையான பதிப்பு 2020 மே மாதம் 5.7உடன் வந்தது. விண்டோஸ் வட்டுகளின் என்டிஎஃப்எஸ்ஸுக்கு எழுதவும் தெரிந்த புதிய டிரைவர் 2021 ஒக்டோபரில், 5.15இல். அதற்கு முந்திய கேர்னல் வைத்திருந்தால் வெளியிலிருந்து ஒரு மென்பொருளைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

இனி ஒப்பனை அறைக்குள்ளேயே நுழைவோமா? ஒரு கேர்னலைக் கட்டும்போது எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதெல்லாம் ‘கொன்ஃபிக்’ கோப்பில் பதிவாகியிருக்கும். உபுண்டு, டெபியனில் அது ‘பூட்’ அடைவில், பெயரின் வாலில் கேர்னல் பதிப்பெண்ணோடு இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகள்! முழுவதையும் படிக்க ஆயுள் போதாது. ‘கிரெப்’ கட்டளையால் வேண்டிய பெயரைத் தேடினால் போதும். விடை மூன்று வகை. ‘வை’ என்றால் கேர்னலின் உடம்போடேயே கட்டப்பட்டது. ‘எம்’ என்றால் தனி மொடியூல், கூப்பிட்டால் வரும். ‘இஸ் நொட் செட்’ என்றால் அந்தக் கேர்னலில் அது இல்லை, எத்தனை முறை மொட்ப்ரோப் செய்தாலும் வராது.

சில இயந்திரங்களில் இந்தக் கொன்ஃபிக் கேர்னலுக்குள்ளேயே சுருக்கி அடைக்கப்பட்டு, ‘/ப்ரொக்/கொன்ஃபிக்.ஜீஸெட்’ என்று தெரியும். அதை ‘ஸெட்கிரெப்’ கட்டளையால் நேரே தேடலாம். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு காதோடு காது செய்தி: அந்தக் கோப்பைக் காணவில்லையென்றால் ‘சூடோ மொட்ப்ரோப் கொன்ஃபிக்ஸ்’ என்று தட்டுங்கள், முளைத்துவிடும்! ‘பூட்’ அடைவிலோ பழைய கேர்னல்களின் கொன்ஃபிக்கும் சேர்ந்து கிடக்கும். இப்போது ஓடுகிற பதிப்பினுடையதைத்தான் திறந்தீர்களா என்று ‘யூநேம்’ விடையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்து, டேட்டா டொங்கிள். ‘மொட்இன்ஃபோ ஒப்ஷன்’ என்று தட்டிப் பாருங்கள். யூஎஸ்பி வழியாகப் பேசும் மொபைல் மொடங்களுக்கான டிரைவரின் பெயர்தான் ‘ஒப்ஷன்’. அது தனக்குத் தெரிந்த மொடங்களின் தயாரிப்பாளர் எண், மொடல் எண் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகக் கொட்டும். ‘எல்எஸ்யூஎஸ்பி’ காட்டும் உங்கள் டொங்கிளின் எண் அதில் அகப்பட்டால் கொண்டாடலாம். மடிக்கணினிக்குள் பொருத்தும் நவீன குவால்கொம் மொடங்கள் எம்எச்ஐ என்ற வேறு வழியாகக் கேர்னலோடு பேசுகின்றன. கேர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் அந்தப் பகுதிக்கு நேரே பாருங்கள், ஒரு தமிழ்ப் பெயர்: மணிவண்ணன் சதாசிவம்! கையைத் தட்டலாம்.

இன்னும் ஓர் அறை பாக்கி. எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சில்லுக் குறைபாடுகள் வெளிவந்து உலகமே பதறியது. அதையொட்டிக் கேர்னலுக்குள் ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டியே கட்டிவிட்டார்கள்! ‘சிஸ்’ அடைவில் சிபியூ பகுதிக்குள் ‘வல்னரபிலிட்டீஸ்’ என்ற அடைவு அது. குறைபாட்டுக்கு ஒரு கோப்பு. திறந்தால் மூன்றிலொரு விடை: பாதிப்பில்லை, பாதிப்புண்டு, தற்காப்புச் செய்திருக்கிறேன். ஒளிவுமறைவே இல்லை.

ஆனால் கேர்னல் ‘உண்டு’ என்றால் மட்டும் போதாது. மெய்நிகர் கணினி ஓட்டும் கேவிஎம் வசதியை எடுங்கள். கொன்ஃபிக்கில் ‘எம்’ என்று அழகாக இருக்கும், மொடியூலும் வட்டில் இருக்கும். அப்படியிருந்தும் பயோஸில் அந்த வசதியை அணைத்திருந்தால் ‘/டெவ்/கேவிஎம்’ தோன்றாது. ஆகவே மூன்று இடத்தில் கேளுங்கள்: கட்டும்போது சேர்த்தார்களா என்று கொன்ஃபிக்கிடம், இப்போது ஏறியிருக்கிறதா என்று ‘எல்எஸ்மொட்’டிடம், வன்பொருள் ஒத்துழைக்கிறதா என்று ‘/ப்ரொக்/சிபியூஇன்ஃபோ’விடம். ‘வை’ என்று கட்டப்பட்டவை ‘எல்எஸ்மொட்’ பட்டியலில் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஃபோனிலும் இதைச் செய்யலாம். டேர்மக்ஸ் செயலியில் ‘யூநேம் -ஆர்’ உடனே பேசும். விடைக்குள் ‘அன்ட்ரொயிட்12’, ‘அன்ட்ரொயிட்14’ போன்ற வால் தெரிந்தால் அது கூகுளின் பொதுக் கேர்னல் வழியில் வந்தது. மற்றக் கதவுகள் சிலவற்றை அன்ட்ரொயிட்டின் பாதுகாப்புக் காவல் அடைத்துவைத்திருக்கும். அனுமதி மறுப்பு என்று வந்தால் வசதி இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். பார்க்க விடவில்லை, அவ்வளவுதான்.

டொங்கிள், வைஃபை குச்சி, வெளி வட்டு என்று எது வாங்கப் போனாலும் பெட்டியில் அச்சடித்த பென்குயின் படத்தையோ கடைக்காரரின் “எல்லாத்துக்கும் வேலை செய்யும்” என்ற உறுதியையோ நம்பிக் காசை எண்ணாதீர்கள். பொருளின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் கேர்னலிடம் கேளுங்கள். அதற்கு விற்பனைத் தரகும் இல்லை, பொய் சொல்லவும் தெரியாது.