குமமோட்டோ சிப்பி

குமமோட்டோ சிப்பி (அறிவியல் பெயர்: கிராசோசுட்ரியா சிக்காமியா) என்பது கிழக்காசியக் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட, உண்ணத்தக்க ஒரு சிறிய சிப்பி இனமாகும். ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள குமமோட்டோ மாகாணத்தின் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. எனினும் இப்பெயரில் உணவகங்களில் பரிமாறப்படும் சிப்பிகளில் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலும், மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாவிலும் வளர்க்கப்படுபவை. இச்சிப்பி தன் தாயகத்தில் அழிந்துவிட்டது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அது தவறு என்பதைப் பிற்கால மரபியல் ஆய்வுகள் காட்டின.

இது முத்துச் சிப்பியினின்றும் வேறுபட்டது. முத்துச் சிப்பிகள் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. குமமோட்டோ சிப்பியிலிருந்து அணிகலனுக்கு ஏற்ற முத்துகள் கிடைப்பதில்லை.

வகைப்பாடு

ஜப்பானிய ஆய்வாளர் அமெமியா 1928 ஆம் ஆண்டில் இதனைப் பசிபிக் சிப்பியின் ஒரு வகையாக விவரித்தார். பின்னர், இனப்பெருக்க ஆய்வுகளின் அடிப்படையிலும் மரபணு ஆய்வுகளின் அடிப்படையிலும் இது தனி இனமாக ஏற்கப்பட்டது. 2017 இல் பசிபிக் பகுதிச் சிப்பிகளை மகல்லானா என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றும் முன்மொழிவு வந்தது. எல்லா ஆய்வாளர்களும் இதனை ஏற்கவில்லை. ஆகவே மகல்லானா சிக்காமியா, கிராசோசுட்ரியா சிக்காமியா ஆகிய இரு பெயர்களையும் நூல்களில் காணலாம்.

உடலமைப்பு

விற்பனைக்கு வரும் சிப்பி ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. நீளம் உடையது. கீழ் ஓடு ஆழமான கிண்ணம் போன்றது. அதன் புறத்தே மடிப்பு மடிப்பான வரிகள் காணப்படும். மேல் ஓடு தட்டையானது. சிறிய ஓட்டினுள் சதை நிறைந்திருப்பது இதன் சிறப்பு.

இது மெதுவாக வளரும் இனம். பசிபிக் சிப்பி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் விற்பனை அளவை அடைந்துவிடும். குமமோட்டோ சிப்பிக்கு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ தேவைப்படும். இதன் விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும்.

வரலாறு

அமெரிக்க மேற்குக் கரையின் உள்நாட்டுச் சிப்பி வளம் 19 ஆம் நூற்றாண்டில் மிகையாக அள்ளப்பட்டுக் குறைந்துபோனது. எனவே 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ப்பாளர்கள் ஜப்பானிலிருந்து பசிபிக் சிப்பிக் குஞ்சுகளைக் கப்பலில் தருவித்தனர். இரண்டாம் உலகப் போர் இவ்வணிகத்தை நிறுத்தியது. போர் முடிந்த பின்னர் அமெரிக்க வளர்ப்பாளர்கள் மீண்டும் குஞ்சுகளை வேண்டினர். வழக்கமான பகுதிகளிலிருந்து போதிய அளவு கிடைக்காததால், 1940களின் இறுதியில் குமமோட்டோவிலிருந்தும் குஞ்சுகள் அனுப்பப்பட்டன.

ஜப்பானில் பெரிய சிப்பிகளே விரும்பப்பட்டன. ஆதலால் இச்சிறு சிப்பிக்கு அங்கு மதிப்பு இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. ஓட்டிலிருந்து அப்படியே பச்சையாக உண்பவர்களுக்கு இதன் சிறிய அளவும் இனிய சுவையும் பொருத்தமாக அமைந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட், ஓரிகனின் யக்வினா விரிகுடா, கலிபோர்னியாவின் அம்போல்ட் விரிகுடா ஆகிய இடங்களில் இது வளர்க்கப்பட்டது.

அழிந்ததா?

இறக்குமதி நின்ற பின்னர் அமெரிக்க வளர்ப்பாளர்கள் தங்களிடம் இருந்த தாய்ச் சிப்பிகளைக் கொண்டே குஞ்சுகளை உருவாக்கினர். இதில் இரு சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, குறைந்த எண்ணிக்கையிலான தாய்ச் சிப்பிகளிலிருந்தே தலைமுறைகள் தொடர்ந்தன. இரண்டாவது, இது பசிபிக் சிப்பியுடன் கலப்புறக் கூடியது. வெளித்தோற்றத்தைக் கொண்டு கலப்பினத்தைப் பிரித்தறிவது கடினம். 1990களில் இழைமணி மரபணுவைச் சோதித்தபோது, குமமோட்டோ எனக் கருதப்பட்ட இருப்புகளில் கலப்பினங்களும் இருந்தமை தெரியவந்தது. எனவே தாய்ச் சிப்பிகளை மரபணுச் சோதனையால் தேர்ந்தெடுப்பது இன்றியமையாததாயிற்று.

அக்காலத்தில் ஜப்பானில் தூய குமமோட்டோ சிப்பி எஞ்சியிருக்கவில்லை என்று கருதப்பட்டது. அமெரிக்கக் குஞ்சுப் பொரிப்பகங்களே இவ்வினத்தைக் காத்தன என்ற கதையும் பரவியது. ஆனால் 1990களின் பிற்பகுதியில் அரியாக்கே கடலில் இச்சிப்பி இருப்பது மரபணுச் சான்றுடன் உறுதி செய்யப்பட்டது. 2008 இல் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வு, வடக்கு அரியாக்கே கடலில் இது அரிதானதும் அன்று, கலப்பினத்தால் அச்சுறுத்தப்படுவதும் அன்று என்று காட்டியது. தென் சீனக் கரையோரங்களிலும் கொரியாவிலும் இவ்வினம் இயற்கையாக வாழ்வது பின்னர் அறியப்பட்டது.

ஆக, இச்சிப்பி அழியவில்லை. பசிபிக் சிப்பியின் நடுவே அடையாளம் காணப்படாமல் இருந்தது. அழிந்தது என்ற கூற்று இன்றும் பல உணவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றது.

வளர்ப்பு முறை

அமெரிக்கக் கரையின் குளிர்ந்த நீரில் இச்சிப்பி இயற்கையாகப் பெருகுவதில்லை. ஆகவே பொரிப்பகத்தில் நீரைச் சூடேற்றி முட்டையும் விந்தும் வெளிவரச் செய்கின்றனர். வெளிவரும் இளம் உயிரிகள் நுண்பாசிகளை உண்டு சில வாரங்கள் நீந்தித் திரியும். பின்னர் ஓட்டுத் துகள்களின் மீது ஒட்டிக்கொள்ளும். ஓரளவு வளர்ந்ததும் அவற்றை வலைப் பைகளிலோ தட்டுகளிலோ இட்டு, ஏற்றவற்றம் உள்ள ஆழமற்ற விரிகுடாக்களில் வைப்பர். அதன்பின் தீவனம் எதுவும் இடப்படுவதில்லை. சிப்பி கடல்நீரை வடித்து நுண்பாசிகளை உண்கின்றது.

அதே குளிர்ந்த நீர் மற்றொரு நன்மையையும் தருகின்றது. கோடையில் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகும் பசிபிக் சிப்பியின் சதை குழைந்து பால் போலாகிச் சுவை குன்றும். குமமோட்டோ சிப்பி அங்கு பெரும்பாலும் முட்டையிடாததால் கோடையிலும் சதை உறுதியாக இருக்கும்.

உண்ணும் முறை

இதன் சுவை மிதமான உப்பும் இனிப்பும் கலந்தது. இறுதியில் முலாம்பழத்தையோ வெள்ளரியையோ ஒத்த மணம் தோன்றும் என்பர். கடல் வாடை குறைவாதலால், முதன்முறை சிப்பி உண்பவர்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகின்றது. பல வகைச் சிப்பிகளை ஒரே வேளையில் சுவைப்பவர்கள் இதனை முதலில் உண்பது நன்று. கடுஞ்சுவையுள்ளவற்றின் பின்னர் இதன் மென்சுவை புலப்படாது.

1. சிப்பி உயிருடன் இருத்தல் வேண்டும். திறந்திருக்கும் சிப்பியைத் தட்டினால் மூடிக்கொள்ளும். மூடாததை எறிந்துவிட வேண்டும்.
2. ஏறத்தாழ 4 பாகை செல்சியசில், கிண்ணப் பகுதி கீழே இருக்குமாறு வைத்து, ஈரத்துணியால் மூட வேண்டும். நன்னீரிலோ காற்றுப் புகாத கலத்திலோ இட்டால் இறந்துவிடும்.
3. திறக்குமுன் ஓட்டைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும்.
4. தடித்த துணியால் சிப்பியைப் பற்றி, சிப்பிக் கத்தியின் முனையைக் கீலில் செருகித் திருப்ப வேண்டும். பின்னர் மேல் ஓட்டையொட்டி மூடுதசையை அறுத்து ஓட்டை நீக்கலாம்.
5. சதையின் கீழும் தசையை அறுத்து, உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் பரிமாற வேண்டும்.

எலுமிச்சைச் சாறு சில துளிகள் போதும். அப்படியே விழுங்காமல் மென்று உண்டால்தான் இனிப்புச் சுவை வெளிப்படும்.

பாதுகாப்பு

பச்சைச் சிப்பியில் விப்ரியோ நுண்ணுயிரிகளும் நோரோ வைரசும் இருக்கக்கூடும். தோற்றம், மணம், சுவை ஆகியவற்றைக் கொண்டு இவற்றை அறிய இயலாது. எலுமிச்சைச் சாறோ மதுவோ இவற்றை அழிப்பதில்லை. 1997 ஆம் ஆண்டுக் கோடையில் வட அமெரிக்க மேற்குக் கரைச் சிப்பிகளைப் பச்சையாக உண்டவர்களிடையே விப்ரியோ தொற்று பரவியது. 209 பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது, ஒருவர் இறந்தார். கோடையில் சதை சுவையாக இருப்பது, அது தொற்றற்றது என்பதற்குச் சான்றாகாது. வெப்பமான நீரில் விப்ரியோ பெருகும்.

கல்லீரல் நோய், நீரிழிவு, நோயெதிர்ப்புக் குறைவு ஆகியன உடையவர்களும், கருவுற்ற பெண்களும் சமைத்த சிப்பியையே உண்ண வேண்டும். ஓட்டுடன் வேகவைக்கும்போது, ஓடு திறந்த பின்னரும் 3 முதல் 5 நிமிடங்கள் கொதிக்க விட வேண்டும். திறவாதவற்றை உண்ணலாகாது.